303 குண்டு 308-ஐவிடத் தடிமனாம்! அளந்து பார்த்துவிட்டு அளக்கவும்

குழித்துறை ஷூட்டர்:
நேற்று பழைய வேட்டைக் கதைகள் இழையில் வேளிமலை அண்ணன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "குறியும் தப்பக் கூடாது, அடியும் பலமாக இருக்க வேண்டும் என்றால் 303 தோட்டாவுக்கு மேல் ஒன்று கிடையாது. 308 எல்லாம் அதற்குத் தம்பி. 303 குண்டுதான் தடிமனும்கூட." இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. 303 பெரிதா, 308 பெரிதா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள், சொல்லும். துல்லியம் வேண்டுமென்றால் இன்றைக்கு 6.5 கிரீட்மோர் தோட்டா. 2007-ல் வந்தது, நெடுந்தூரக் குறிக்கென்றே செய்தது. அடி வேண்டுமென்றால் 30-06 தோட்டா. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டுமென்றால் 308. 303-க்கு உள்ள இடம் அருங்காட்சியகம்.

வேளிமலை:
என் தாத்தா கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட் துரையோடு காடு சுற்றியவர். வேட்டையைத் தடுத்த 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு ரொம்ப முந்தைய காலம். துரை கையில் 303. ஒரே வெடி, கடமான் நின்ற இடத்திலேயே மடிந்தது என்று சாகும்வரை சொன்னார். தடிமன் என்று சொன்னேன், தடிமன்தான். உனக்காக மாற்ற மாட்டேன்.

பழைய ஆர்மரர்:
ஷூட்டர் தம்பி, 22 வருஷம் ராணுவப் பட்டறையில் துப்பாக்கி பழுது பார்த்தவன் சொல்கிறேன், கேள். 303 குழலைச் சோதிக்கும்போது முதலில் புல்த்ரூ என்ற கயிற்றில் துணியைக் கோத்து இழுத்து எண்ணெயைத் துடைப்போம். அப்புறம் 303 பிளக் கேஜை உள்ளே விடுவோம். பளபளவென்று ஒரு எஃகு உருளை. அது எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு மறுமுனைக்குப் போக வேண்டும். ஏன் போகிறது? குண்டைச் சுழற்றக் குழலின் உள்சுவரில் முறுக்கிய பள்ளங்கள் வெட்டியிருக்கும், நடுவே மேடுகள் நிற்கும். 303 என்பது மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள அகலம், 0.303 அங்குலம். பள்ளத்துக்குப் பள்ளம் அதைவிட அகலம். குண்டு அந்தப் பள்ளத்தை நிறைத்தால்தான் சுழலும். அதனால் 303 குண்டின் விட்டம் 0.311 அங்குலம். 308-க்குப் பெயர் வைத்தவன் பள்ளத்தை அளந்து வைத்தான், அதன் குண்டு 0.308-தான். இப்போது எது தடிமன்?

குழித்துறை ஷூட்டர்:
பெயரிலேயே 303 என்று இருக்கிறது. 308 கழித்தல் 303, ஐந்து. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நாஞ்சில் கணக்கு:
தடிமனை வைத்து அடியைச் சொல்ல முடியாது. எடையும் வேகமும் வேண்டும். 303-ல் 174 கிரெய்ன் (குண்டு எடைக்கான அளவு) குண்டு விநாடிக்கு 744 மீட்டர் போகும். குழல் வாயில் ஆற்றல் ஏறத்தாழ 3,100 ஜூல். 308-ல் 168 கிரெய்ன், 808 மீட்டர், 3,550 ஜூல். 30-06-ல் 180 கிரெய்ன், 823 மீட்டர், 3,950 ஜூல். ஷூட்டர் தம்பியின் கிரீட்மோர் 140 கிரெய்ன், அதே 823 மீட்டர், 3,070 ஜூல். அதாவது அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்ன 303-க்குச் சமம். கிரீட்மோரின் பலம் வேறு இடத்தில். குண்டு ஒல்லி, நீளம். காற்றை நன்றாகக் கிழிக்கும், தூரம் போகப் போக வேகம் குறைவாகவே இழக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் இரண்டையும் 800 மீட்டருக்குச் சுட்டால் 303 எவ்வளவு தள்ளிப் போகும் என்று தெரியும். சரி, துல்லியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 100 மீட்டரிலா, 1,000 மீட்டரிலா? யாராவது முதலில் அதைச் சொல்லுங்கள்.

வேளிமலை:
303-க்குச் சமம் என்று வாத்தியாரே எழுதிவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆர்மரர்:
ஜூல் கிடக்கட்டும் சாரே. நான் கேட்டது தடிமன். 0.311.

குழித்துறை ஷூட்டர்:
அண்ணாச்சி, பொங்கலுக்கு முன்னால் இன்சாஸ் ராணுவ ரைஃபிள் பற்றிய இழையிலும் இப்படித்தான் "பட்டறை, பட்டறை" என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்தீர்கள். நான் மறக்கவில்லை. நான் 50 மீட்டர் சுடுகிறவன். எங்கள் பத்து வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் நகம் அளவு. அதில் 22 ரைஃபிளால் குண்டுக்கு மேல் குண்டு வைக்கிறோம். துல்லியம் எது என்று எனக்குப் பட்டறை சொல்லித் தர வேண்டாம்.

பழைய ஆர்மரர்:
இன்சாஸ் இழையில் 5.56 குண்டு 7.62-ஐவிட அடி பலம் என்று எழுதியவன் நீதானே? அன்றைக்கும் திருத்தினேன், நன்றி சொல்லவில்லை. சரி, உன் செல்லக் கிரீட்மோருக்கே வருவோம். 6.5 என்று பெயர். குண்டை அளந்து பார், 0.264 அங்குலம், 6.7 மில்லிமீட்டர். 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த 275 ரிக்பி ரைஃபிள் தெரியுமா? அதன் குண்டு 0.284. நேட்டோ 7.62-ன் குண்டு 7.82 மில்லிமீட்டர். பெயரை நம்பிக் குண்டு வாங்கினால் குழலுக்குள் தளர்வாக இருக்கும். 303 குழலில் 0.308 குண்டைப் போட்டால் அதுதான் நடக்கும். பள்ளத்தைப் பிடிக்காது, குறியும் நிற்காது. 303 துல்லியம் இல்லை என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர் தேய்ந்த குழலில் சுட்டவர்கள். குழல் நன்றாக இருக்கிறதா, மரத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, ஒரே லாட் தோட்டாவா என்று பார்க்க வேண்டும். தோட்டாவின் பெயர் என்ன செய்யும், பாவம்.

ரப்பர்பால்:
இவ்வளவு பேசுகிறீர்களே, இங்கே யாரிடமாவது 303-க்கு லைசென்ஸ் இருக்கிறதா? ராணுவத் தோட்டா என்று பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் 315 என்று தனியாகச் செய்து விற்றார்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. கிரீட்மோர் தக்கலைச் சந்தையில் கிலோக் கணக்கிலா கிடைக்கிறது?

வேளிமலை:
ரப்பர்பால், நீர் எந்த இழைக்கு வந்தாலும் லைசென்ஸ் பேச்சுத்தான். துப்பாக்கி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த மண் இது.

ரப்பர்பால்:
வார்க்கச் சொல்லித் தந்தவர் டி லனாய். டச்சுப் படையில் வந்தவர். உங்கள் தாத்தா இல்லை.

வேளிமலை:
1741-ல் குளச்சலில் அந்த டச்சுப் படையைத் தோற்கடித்தது யார்? தோற்ற பிறகுதானே அவர் நம்மிடம் வேலைக்கு வந்தார்? கல்லறைகூட அந்தக் கோட்டைக்குள்ளேதான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாரும்.

ரப்பர்பால்:
திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஜெயித்தார். உமக்கு அதில் என்ன பங்கு?

நாஞ்சில் கணக்கு:
துல்லியம் 100 மீட்டரிலா 1,000 மீட்டரிலா என்று கேட்டிருந்தேன்.

பழைய ஆர்மரர்:
குளச்சலுக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். ஷூட்டர் தம்பி, எனக்கு இன்னும் பதில் வரவில்லை. 0.311 பெரிதா, 0.308 பெரிதா? இது ஒன்றுக்கு மட்டும் சொல். உன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்கூடக் கேட்டுச் சொல்லலாம்.

குழித்துறை ஷூட்டர்:
0.311 என்பது உங்கள் பட்டறைக் கணக்கு. தோட்டாவின் பெயர் 303. உலகமே 303 என்றுதான் கூப்பிடுகிறது. மருந்தின் அழுத்தத்தைப் பேசுவோமா? 303 தாங்குவது சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு, 308 தாங்குவது 62,000. இதற்குப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய ஆர்மரர்:
அழுத்தத்தில் 308 மேல். எவன் இல்லை என்றான்? இந்த இழைக்குத் தலைப்பு வைத்தது நீ. தலைப்பில் அழுத்தம் இல்லை, தடிமன் இருக்கிறது. மேலே போய்ப் படி.

வேளிமலை:
அண்ணாச்சி சொன்னால் சொன்னதுதான். ஆனால் 308 மேல் என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய ஆர்மரர்:
உமக்குப் பிடிக்கட்டும், பிடிக்காமல் போகட்டும். உமக்காக நான் இங்கே பேசவில்லை. ஒரே வெடியில் கடமான் என்ற கதையையும் நான் நம்பவில்லை, மரியாதைக்காகச் சும்மா இருந்தேன்.

வேளிமலை:
என் தாத்தாவைப் பொய்யர் என்கிறீரா?

குழித்துறை ஷூட்டர்:
நாளைக்குப் புது இழை தொடங்குகிறேன், கிரீட்மோருக்கு மட்டும். 303 ஆட்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பழைய ஆர்மரர்:
வருவேன். 6.7 மில்லிமீட்டர் என்று முதல் பதிலே என்னுடையதாக இருக்கும்.