சிறுகுடல் இரத்தக்கசிவு: அடுத்த எண்டோஸ்கோபி எந்த வழியாக?

என் தாயாருக்கு வயது 64. பதினான்கு மாதங்களாக அவருக்கு மலம் அவ்வப்போது தார் போலக் கறுத்துப் போகிறது. இரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் 10-ஐத் தொட்டுவிட்டு, ஆறு வாரங்களில் மீண்டும் 7-க்குச் சரிகிறது. வயிற்று வலி இல்லை, எடையும் குறையவில்லை.

இரைப்பை எண்டோஸ்கோபி இருமுறையும் கொலனோஸ்கோபி ஒருமுறையும் செய்து எதுவும் அகப்படாததால், குடலைப் படமெடுக்கும் சிறு கேமரா கொண்ட கேப்ஸ்யூலை விழுங்க வைத்தார்கள். சிறுகுடலின் நடுப்பகுதியில் இரத்தக்குழாய்ப் புடைப்புகள் மூன்று தெரிந்தன. மருத்துவர் திரையில் காட்டியபோது, வெளிறிய குடற்சுவரில் சிலந்திக் கால்களைப் போல விரிந்திருந்த மெல்லிய சிவப்புக் கோடுகளை நானே பார்த்தேன். கேப்ஸ்யூலுக்குப் படம் எடுக்கத்தான் தெரியும், கசிவை அடைக்கத் தெரியாது என்பதால், இரட்டை பலூன் எண்டோஸ்கோப்பை (இரு பலூன்களின் உதவியால் சிறுகுடலுக்குள் ஆழமாகச் செல்லும் நீண்ட குழாய்) வாய்வழியாகச் செலுத்தி, இரண்டு புடைப்புகளை ஆர்கான் பிளாஸ்மாவால் (ஆர்கான் வாயு வழியே பாயும் மின்சார வெப்பம்) கருக்கினார்கள். மூன்றாவது எட்டவில்லை. குழாய் சென்று நின்ற இடத்தில் மை ஊசி போட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

அது நடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கடந்த வாரம் மலம் மீண்டும் கறுத்தது (இரும்பு மாத்திரையாலும் கறுக்கும் என்பதால், அதை நிறுத்திய பின்னரே கவனித்தோம்), ஹீமோகுளோபின் 7.8. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோ வலி மாத்திரையோ அவர் எடுப்பதில்லை. இத்தகைய கசிவோடு தொடர்புடைய இதய வால்வுக் குறுக்கமும் எக்கோவில் (இதய ஸ்கேனில்) இல்லை.

ஆசனவாய் வழியாக பலூன் எண்டோஸ்கோப்பைச் செலுத்தி மை அடையாளம் வரை தேடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். கசிவு இருக்கும்போதே மீண்டும் கேப்ஸ்யூல் கொடுத்து இடத்தை உறுதிசெய்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். இந்நிலையைக் கடந்தவர்களும் குடல் மருத்துவர்களும் சொல்லுங்கள்: இவ்விரண்டில் எதை முதலில் செய்வது சரி?