விண்டோஸில் மட்டும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் (மின்ட் டூயல் பூட்)

தூங்காநகரம்:
லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஏற்கெனவே இருந்தது, கூடவே லினக்ஸ் மின்ட்டும் போட்டிருக்கிறேன். மின்ட்டில் நேரம் சரி. இரவு 9 மணிக்கு ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குள் போனால் மதியம் 3:30 என்கிறது. அங்கே கையால் திருத்திவிட்டு மின்ட்டுக்கு வந்தால் இங்கே அதிகாலை 2:30, வைஃபை கிடைத்த கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது, ஆனால் அப்புறம் விண்டோஸில் மறுபடி அதே கதை. மின்ட்டின் நேர மண்டலப் பட்டியலில் சென்னை இல்லை, கொல்கத்தாதான் இருக்கிறது, அதனால் வருகிற கோளாறா? இல்லை மதர்போர்டில் இருக்கும் பேட்டரியை மாற்ற வேண்டுமா?

வேர்ப்பயனர்:
கொல்கத்தா மேல் பழி போடாதீர்கள், இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான். பேட்டரியும் இல்லை. அது செத்தால் வித்தியாசம் இப்படி அச்சுப் பிசகாமல் ஐந்தரை மணியில் நிற்காது, தேதியே வருஷக்கணக்கில் பின்னால் போய் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வரும்.

மதர்போர்டில் ஓடும் கடிகாரத்துக்கு நேர மண்டலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. லினக்ஸ் அதில் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எழுதி வைத்து, திரையில் காட்டும்போது 5:30 கூட்டிக்கொள்ளும். விண்டோஸோ அதில் இருப்பதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் அடியுங்கள். யுனிவர்சல் டைமும் (யூடிசி) ஆர்டிசி டைமும் (மதர்போர்டு கடிகாரம்) ஒன்றாக இருந்தால் இதேதான்.

சட்டென்று முடிய வேண்டுமென்றால், மின்ட்டையும் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்லுங்கள்: சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1

காலிமுகத்திடல்:
வேலை செய்யும், ஆனால் அதைப் போட்ட பிறகு டைம்டேட்சிடிஎல்லே எச்சரிக்கை காட்டும், சும்மா இல்லை. இங்கே இலங்கையில் 1996இல் இரண்டு தடவை நேரத்தை மாற்றினார்கள், 2006இல்தான் திரும்ப 5:30க்கு வந்தோம். இந்த மாதிரி நேரத்தில் யூடிசியில் ஓடும் மெஷினின் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், மண்டலத் தகவலைப் புதுப்பித்தால் போதும். நான் என்றால் விண்டோஸைத்தான் வழிக்குக் கொண்டுவந்து யூடிசியாகப் படிக்க வைப்பேன்: ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷினுக்குக் கீழே சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் வரை போய், ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்று ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 1 கொடுங்கள். இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள், அப்புறம் விண்டோஸ் ஐந்தரை மணி முன்னால் ஓடும்.

தூங்காநகரம்:
ரெஜிஸ்ட்ரி வழியே போனேன், இரண்டிலும் ஒரே நேரம். நன்றி அண்ணா. இன்னொன்று, காலேஜ் நெட்டில் இருக்கும்போது மட்டும் மின்ட்டில் 'சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு: நோ' என்று வருகிறதே?

வேர்ப்பயனர்:
நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிக்கு வேண்டிய யுடிபி 123 போர்ட்டை அங்கே அடைத்திருப்பார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 'எஸ்' என்று மாறினால் உறுதி. லேப் அட்மினிடம் உள்ளேயே நேர சர்வர் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதன் முகவரியை டைம்சிங்க்டி.கான்ஃப் கோப்பில் என்டிபி= வரியில் போட்டு, சிஸ்டம்டி-டைம்சிங்க்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.