பாண்டமங்கலம் சொந்தங்கள் குழுவில் தினேஷ் போட்ட போட்டோ

[12:48] தினேஷ்: (படம்) இன்று முதல் தடவையாக லாரியில் இருக்கிற மடக்கு கிரேனை நானே விரித்தேன். மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு ஷெட் தூண் இறக்குகிறோம்.

[12:49] தனம்: என் தங்கம். இந்த வெயிலில் தலைக்கு ஒரு தொப்பி போடக் கூடாதா?

[12:50] கவின்: அண்ணா மாஸ் 🔥

[12:50] பழனிசாமி: லாரிக்காரன் மகன் அல்லவா.

[12:57] சேகர் சிங்கப்பூர்: தினேஷ், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கம்பி போகிறதே, என்ன லைன் அது?

[12:58] தினேஷ்: பண்ணைக்குப் போகிற லைன்ங்க மாமா. தள்ளித்தான் நிற்கிறோம். நாலு அடி இருக்கும்.

[12:58] சேகர் சிங்கப்பூர்: பூம், அதாவது கிரேனின் கை, எங்கே இருக்கும்போது நாலு அடி? படத்தில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கிறது. விரிக்கும்போது எது வரை போனது என்று கேட்கிறேன்.

[13:01] தினேஷ்: அதைக் கவனிக்கவில்லைங்க. லீவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[13:06] சேகர் சிங்கப்பூர்: எல்லோரும் அப்படித்தான். கேள். மடக்கு கிரேன் நம் கை மாதிரி. கேபினுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும்போது உயரமே தெரியாது. தூணைப் பிடித்து இறக்கும்போதும் கை பக்கவாட்டில்தான் நீளும். ஆனால் விரிக்கவும் மடக்கவும் முதல் பூம் மேலே எழுந்தாக வேண்டும். அப்போது முழங்கை எங்கே நிற்கும்? உன் வண்டிக்கு 5 மீட்டருக்கு மேலே போகும். தெருவைக் குறுக்கே கடக்கிற வீட்டு லைனுக்கே விதிப்படி 5.8 மீட்டர் உயரம் இருந்தால் போதும். 11 ஆயிரம் வோல்ட் லைனுக்கு 6.1. அதுவும் கம்பி விதிப்படி இருந்தால். தோட்டத்துக் கம்பி எப்படித் தொங்கும் என்று உனக்கே தெரியும்.

[13:07] சேகர் சிங்கப்பூர்: தொட்டால்தான் அடிக்கும் என்றும் நினைக்காதே. எச்டி லைன், அதாவது உயர் அழுத்த லைன் என்றால் கிட்டப் போனாலே பாயும். அந்த நேரத்தில் தரையில் நின்று லீவரைப் பிடித்திருக்கிறவன் கதைதான் மோசம்.

[13:08] தனம்: தம்பி, சும்மா இரு. தினேஷ், நீ வண்டியை விட்டுக் கீழே இறங்கு.

[13:08] தினேஷ்: அம்மா, நான் தரையில்தான் நிற்கிறேன்.

[13:09] சேகர் சிங்கப்பூர்: அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன் 🤦

[13:11] கவின்: அப்படி ஏதாவது பட்டுவிட்டால் என்ன செய்வது மாமா?

[13:14] சேகர் சிங்கப்பூர்: வண்டி மேல் இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டும். கீழே இருக்கிற யாரும் வண்டியைத் தொடக் கூடாது, கிட்டவும் போகக் கூடாது. கரண்ட் நின்றது என்று மின்வாரியம் சொன்ன பிறகுதான் எதுவும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்துக் குதி. ஒரு கை வண்டியிலும் ஒரு கால் மண்ணிலுமாக இறங்கினால் முடிந்தது.

[13:15] கவின்: மின்வாரியப் புகார் மையம் மின்னகத்தின் எண் 94987 94987. அண்ணா, போனில் சேமித்து வை.

[13:20] பழனிசாமி: மாப்பிள்ளை, நானும் 22 வருடம் வண்டி ஓட்டியவன். பாரம் தூக்குவதுதான் வேலை. மடக்குவதெல்லாம் ஒரு வேலையா?

[13:23] சேகர் சிங்கப்பூர்: மச்சான், பாரம் தொங்கும்போது சுற்றி நிற்கிற பத்துப் பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாரம் இறங்கியதும் எல்லோருக்கும் டீ நினைப்பு வந்துவிடும். கிரேன் மடங்குவது அந்த நேரத்தில்தான்.

[13:24] சேகர் சிங்கப்பூர்: அது போகட்டும். உங்கள் இடது கை மோதிர விரல் நுனி எங்கே போனது?

[13:25] தனம்: அது டோர் அடித்ததில் போனது.

[13:31] தனம்: டோர்தானே?

[13:34] பழனிசாமி: கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே மடக்கச் சொன்னேன். பூம் வந்து சேர்ந்த இடத்தில் விரல் இருந்தது. வீட்டில் சொன்னால் லாரிக்கே விட மாட்டாய் என்று டோர் என்று சொல்லிவிட்டேன்.

[13:34] தனம்: 19 வருடம்.

[13:35] தனம்: வீட்டுக்கு வாருங்கள். பேசிக்கொள்ளலாம்.

[13:36] கவின்: 😶

[13:40] தினேஷ்: மாமா, சாயங்காலம் என்னையே மடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வரிசை சொல்லுங்க.

[13:41] சேகர் சிங்கப்பூர்: டிரைவர் உன் பக்கத்தில் நிற்காமல் லீவரில் கை வைக்காதே. அவர் தேங்காய் வாங்கப் போயிருந்தால் அவர் வரும்வரை காத்திரு. நான் ஓட்டுகிற கிரேனும் உன்னுடையதும் ஒன்றில்லை. கிரேன் தூணில் ஒட்டியிருக்கிற படத்தில் வேறு மாதிரி இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், என்னை இல்லை.

[13:49] சேகர் சிங்கப்பூர்: முதலில் நீட்டிய துண்டுகளை எல்லாம் முழுக்க உள்ளே இழு. ஒரு சாண் வெளியே இருந்தாலும் மடங்கும்போது கேபினிலோ ஹோஸிலோ போய் இடிக்கும். கொக்கியில் பெல்ட் தொங்கினால் கழற்றி உள்ளே போடு. பிறகு முதல் பூமை மேலே எழுப்பி, வெளிப் பூமை உள்ளே மடக்கு. கிரேன் அடியில் இரண்டு அம்புக்குறி இருக்கும், பெயின்ட் போயிருந்தால் தேடிப் பார். இரண்டும் நேருக்கு நேர் வரும்வரை சுற்று. அப்புறம்தான் கீழே படுக்க வை. அம்பு சேராமல் இறக்கினால் கேபின் கூரை நெளியும்.

[13:52] சேகர் சிங்கப்பூர்: இரண்டு பக்கமும் லீவர் இருக்கிறதா? பூம் எந்தப் பக்கம் வந்து விழுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் நில். பூமுக்கும் டெக்குக்கும் நடுவில் தலையை விட்டு எட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். உன் அப்பாவுக்கு விரலோடு போனது.

[13:53] பழனிசாமி: சரி சரி.

[13:58] சேகர் சிங்கப்பூர்: ஜாக்கி, அதாவது வண்டி சாயாமல் பக்கவாட்டில் நீட்டி ஊன்றுகிற கால், கடைசியில்தான். பூம் படுக்கும் முன்னே ஜாக்கியைத் தூக்கினால் பாரம் இல்லாமலேயே வண்டி சாயும். ஆமாம், ஜாக்கிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறாய்? படத்தில் மண்தான் தெரிகிறது.

[14:00] தினேஷ்: இரும்புத் தட்டு மட்டும்தாங்க. ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நேற்று தண்ணீர் பாய்ச்சிய இடமாம்.

[14:01] சேகர் சிங்கப்பூர்: வேலையை நிறுத்து. பூம் வெளியே இருக்கும்போது ஜாக்கியைத் தொடாதே. பூமை மடக்கிப் படுக்க வைத்துவிட்டு, ஜாக்கியை எடுத்து, கெட்டியான மண்ணாகப் பார்த்து வண்டியை நிறுத்து. அப்படியே அந்தக் கம்பியையும் விட்டு விலகு. அடியில் அகலமான மரக்கட்டை போடு. சக்கரம் தரையை விட்டு எழும்புகிற அளவுக்கு ஜாக்கியை ஏற்றாதே. ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தைத்தான். சக்கரம் அந்தரத்தில் நின்றால் வண்டியை எது பிடிக்கும்?

[14:03] தினேஷ்: டிரைவர் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். முறைக்கிறார். ஆனால் கட்டை தேடப் போயிருக்கிறார்.

[14:20] கவின்: ஒரு தகவல். இந்த வகைக் கிரேனை ஆரம்பித்தவர் பனிச்சறுக்குப் பலகை செய்கிற தொழிலில் இருந்தவர், எரிக் சுண்டின். சுவீடனில் 1944-இல் ஹியாப் கம்பெனியைத் தொடங்கினார். லாரி எஞ்சினை வைத்தே ஹைட்ராலிக் கிரேனை இயக்கலாம் என்பது அவருடைய யோசனை.

[14:26] சேகர் சிங்கப்பூர்: நல்லது. எஞ்சினை வைத்தே இயக்குவதால்தான் இன்னொரு தொல்லையும் வருகிறது. மடக்கி முடித்ததும் பி.டி.ஓ.வை, அதாவது எஞ்சின் சக்தியைப் பம்புக்குக் கொடுக்கிற இணைப்பை, எடுத்துவிட வேண்டும். மறந்து ஓட்டினால் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போகும்.

[14:30] சேகர் சிங்கப்பூர்: இங்கே நான் வந்த புதிதில் ஒரு வண்டி பூமைச் சரியாகப் படுக்க வைக்காமலே கிளம்பிவிட்டது. இந்த ஊரில் 4.5 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் அனுமதி இல்லாமல் சாலையில் ஏறவே கூடாது. வாசலில் உயரம் காட்டத் தொங்கவிட்ட கம்பியில் இடித்து நின்றது. அது நடைபாலமாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு முழு நடை நடப்பேன். மழை பெய்தாலும் நடப்பேன்.

[14:33] தனம்: அம்மாயி குரல் பதிவு போடச் சொன்னார்கள். (குரல் பதிவு: கண்ணு, அந்த வேலை வேண்டாம். நம் கடையைப் பார்த்துக்கொள்.)

[14:34] தினேஷ்: அம்மாயி, கடையில் ஏணி இருக்கிறது, அதுவும் ஆபத்துதான் 😄

[18:12] தினேஷ்: (படம்) மடக்கியாகிவிட்டது. அம்புக்குறி நேர், பி.டி.ஓ. எடுத்தாகிவிட்டது, ஜாக்கி உள்ளே, லாக் போட்டாகிவிட்டது. நாமக்கல் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறோம்.

[18:13] தனம்: மெதுவாக வாங்க.

[18:15] சேகர் சிங்கப்பூர்: படத்தில் இருப்பது வலது பக்க ஜாக்கி, நீ நின்ற பக்கம். இடது பக்கம்?

[18:16] தினேஷ்: அதுவும் உள்ளேதான் இருந்தது மாமா.

[18:16] சேகர் சிங்கப்பூர்: உள்ளே இருந்தது சரி. தானாக விழுகிற கொண்டி விழுந்ததா? கையால் திருப்புகிற லாக்கைத் திருப்பியது யார்? நீயா, டிரைவரா?

[18:19] சேகர் சிங்கப்பூர்: தினேஷ்?

[18:20] சேகர் சிங்கப்பூர்: இடது பக்கம் என்றால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பக்கம். வளைவில் திரும்பும்போது அந்த ஜாக்கி தானாக வெளியே வரும். நிறுத்திப் பார்க்கச் சொல்.

[18:22] பழனிசாமி: நானும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

[18:29] தினேஷ்: ஓரம் கட்டிவிட்டோம். அவர் போட்டார் என்று நானும், நான் போட்டேன் என்று அவரும் நினைத்திருக்கிறோம். ஜாக்கி ஒரு முழம் வெளியே வந்திருந்தது.

[18:29] தனம்: யார் மேலாவது பட்டதா?

[18:30] தினேஷ்: இல்லை அம்மா. இந்தப் பக்கம் வெறும் கரும்புக் காடுதான்.

[18:31] பழனிசாமி: ஹசார்ட் போடு. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளாதே. கொண்டி விழுகிற சத்தம் கேட்டதா என்று பார்.

[18:38] தினேஷ்: (படம்) (படம்) இரண்டு பக்கமும்.

[18:39] சேகர் சிங்கப்பூர்: இடது பக்கப் படம் இருட்டாக இருக்கிறது. டார்ச் அடித்து இன்னொன்று எடு.

[18:40] தனம்: உன் அப்பாவும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார், பார்க்க. அனுப்பிவிட்டே கிளம்பு.