பேடில் என்பது துடுப்பு அல்ல: கால்வாய்ப் படகுச் சொற்கள்

> லாக் – நீர்ப்பூட்டு
> பேடில் – துடுப்பு
> சில் – விளிம்பு
> விண்டிங் ஹோல் – ?

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்துக் கால்வாய்களில் முதன்முறையாகப் படகை வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான பட்டியல் இது. ஆகவே இரண்டாவது சொல்லை உடனே நீக்கிவிட வேண்டும். படகை ஏற்றி இறக்கும் தொட்டியான லாக்கில் தண்ணீர் புகும் வழியை அடைத்திருக்கும் பலகைதான் அங்கே பேடில். நம் ஏரிகளில் அதே வேலையைச் செய்வதற்கு மதகு என்ற பெயர் இருக்கிறது. அதையே வைப்போம். அதைச் சுழற்றித் தூக்கும் வளைந்த கைப்பிடி விண்ட்லஸ், அது மதகுச்சாவி.

நீர்ப்பூட்டு எனக்கு ஒப்பவில்லை. இரு முனையிலும் கதவு வைத்த நீளமான தொட்டி அது. தண்ணீரை நிரப்பிப் படகை ஏற்றுகிறோம், வடித்து இறக்குகிறோம். மடைத்தொட்டி என்றால் கேட்டவுடனே கண்முன் வரும்.

சில்லுக்குத்தான் மிகக் கவனமாகப் பெயர் வைக்க வேண்டும். மேல்கதவின் அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு அது. தொட்டி நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. டிவைசஸ் ஊரையொட்டிய கேன் ஹில்லில் 29 மடைத்தொட்டிகள். அவற்றில் 16 செங்குத்தான சரிவில் ஒரே நேர்வரிசையில் இறங்குகின்றன. சென்ற ஆண்டு அங்கே நான் சுக்கான் பிடித்திருந்தேன். தங்கை கீழ்மதகைத் திறந்தாள். திட்டு எதுவரை நீள்கிறது என்று காட்டும் வெள்ளைக்கோடு கரையில் இருந்தது. படகின் பின்புறம் அதற்கு ஒரு முழம் பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை. தண்ணீர் வடிய வடிய, பாசி படிந்த சுவர் இருபுறமும் உயர்ந்தது. திடீரென்று அடியில் கரகரவென்று ஓசை. முன்புறம் தாழ்ந்துகொண்டே போக, பின்புறம் அசையாமல் தொங்கியது. நான் கத்தியதும் அவள் மதகை இறக்கினாள். மேல்மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றிய பிறகுதான் படகு மிதந்தது. தாமதித்திருந்தால் முன்புறம் மூழ்கியிருக்கும்.

இந்த ஆபத்தை 'விளிம்பு' உணர்த்துமா? வாசற்படி என்று வையுங்கள். கதவு இருந்தால் அடியில் வாசற்படி இருக்கும், பார்க்காவிட்டால் இடறும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

விண்டிங் ஹோல் என்பது படகைத் திருப்புவதற்காகக் கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடம். 7 அடி அகலமே இருந்தாலும் படகின் நீளம் 70 அடி வரை போகும். கால்வாயின் குறுக்கே அது திரும்பாது. திருப்புத்துறை எனலாமா?

* * *

> திருப்புத்துறை எனலாமா?

வாசற்படியை இரு கையாலும் வரவேற்கிறேன். துறை மட்டும் வேண்டாம் ஐயா. துறை என்றால் படகைக் கட்டும் இடம். திருப்பும் இடத்தில் படகைக் கட்டக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. பெயரைப் பார்த்த புதியவர் அங்கேயே முளையடித்துக் கயிற்றைக் கட்டிவிடுவார். கரை உள்வாங்கிய இடம்தானே, திருப்புக்குடா எனலாம்.

* * *

அந்தத் தவறு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. திருப்புக்குடா என்றே மாற்றிவிடுகிறேன். துறையை, படகைக் கட்டும் இடமான மூரிங்குக்கு வைத்துக்கொள்வோம்: கட்டுத்துறை.