மறு: கெல்டிய ‘பிலெ’, ‘நெமெட்டன்’ – தமிழ்ல எப்படிச் சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் ஒருதடவை மொத்தமா படிச்சுட்டு எழுதறேன். கெல்டியர்களோட (பழைய அயர்லாந்து, பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த மக்கள்) ‘பிலெ’ங்கற காவல் மரத்துக்கும், ‘நெமெட்டன்’ங்கற ஒதுக்கி வச்ச தோப்புக்கும், இன்னும் சில சொல்லுக்கும் தமிழ்ல என்ன பேர் வைக்கறதுங்கறதுதான் பேச்சு. ‘புனித மரம்’னு ஒரே சொல்ல வச்சு எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு நிறைய பேர் சொல்றீங்க, எனக்கு அதுல துளியும் சம்மதம் இல்ல. அயர்லாந்துல ஒரு ராஜா பட்டம் ஏத்துக்கிட்ட மரம், துருக்கிப் பக்கம் காலேஷியாவுல சபை கூடுன தோப்பு, கல்லுல கீறுன எழுத்து, இன்னிக்கு ட்ரூயிட் (பழைய கெல்டியர்களோட குருமார்) வழியில நடக்குற குழுக்கள் குச்சி போட்டுப் பாக்குற குறி, இத்தனையும் ‘புனிதம்’ங்கற ஒரே பேருக்குள்ள போயிட்டா படிக்கிறவங்களுக்கு எது பழசு எது புதுசுன்னே தெரியாமப் போயிடும்.

> ‘பிலெ’க்குத் ‘தலமரம்’ போதுமேங்க, எல்லாருக்கும் சட்டுனு புரியும்.

புரியும் அக்கா, ஆனா வேற எதையோ புரிஞ்சுக்குவாங்க. தலமரம்னா ஒரு கோயில், ஒரு மூர்த்தி, அதுக்கு ஒரு தலபுராணம். பிலெ அப்படி இல்ல. அது பெரும்பாலும் ஒரு குலத்தோட மரம், ஒரு அரசோட மரம். அயர்லாந்துல கிளேர் மாவட்டத்துல மாக் ஆதர்னு ஒரு மேடு இருக்கு, டால் காய்ஸ் வம்சத்து அரசர்கள் அங்கதான் பட்டம் ஏத்துக்கிட்டாங்க, அயர்லாந்தோட பேர்போன அரசன் பிரியன் போரு வந்த வம்சம்தான் அது. 982ல அவங்களோட எதிரி மாயல் செக்னல் படையோட வந்து அந்த மேட்டுல நின்ன பிலெவ வேரோட தோண்டி வெட்டிப் போட்டான்னு ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள்ல இருக்கு. திரும்பவும் 1051ல மேற்கு அயர்லாந்துல இருந்த கொனாக்ட் நாட்டு அரசன் ஒருத்தன் அதே இடத்துல மரத்தைச் சாய்ச்சான்னு வருது, அப்ப நடுவுல புதுசா ஒண்ணு வளர்ந்திருக்கணும் இல்லையா. வடக்க இன்னும் நேரடியாவே நடந்திருக்கு: 1099ல கெனேல் நியோகன்ங்கற வம்சத்து ஆளுங்க பக்கத்து உலிது நாட்டோட பட்டமேற்பு மரத்தை வெட்டுனாங்க, 1111ல உலிது ஆளுங்க கெனேல் நியோகனோட பட்டமேற்பு இடமான டல்லஹோக் வரைக்கும் படையெடுத்துப் போய் அங்க நின்ன மரங்களை வெட்டி பழி தீர்த்துக்கிட்டாங்க.

இதைப் படிச்ச உடனே நம்ம ஆளுங்களுக்கு என்ன ஞாபகம் வரணும்? கடிமரம், அதாவது சங்ககாலத்து அரசனோட காவல்மரம். செங்குட்டுவன் பழையனோட வேம்பை வெட்டுனதும், நெடுஞ்சேரலாதன் கடல் நடுவுல இருந்த எதிரிகளோட கடம்பை வெட்டி முரசு செஞ்சுக்கிட்டதும் பதிற்றுப்பத்துல இருக்கு. இங்க மரத்துலேர்ந்து முரசு வருது, அங்க அப்படி எதுவும் வரலங்கறது ஒரு வித்தியாசம்தான், ஆனா மரம் விழுந்தா அரசு விழுந்த மாதிரிங்கற எண்ணம் ரெண்டு பக்கமும் அப்படியே ஒண்ணா இருக்கு. இவ்வளவு பொருத்தமா ஒரு சொல் கையில இருக்கும்போது புதுசா ஒண்ணு ஏன் செய்யணும்? அதனால என் ஓட்டு: பிலெ = கடிமரம்.

ஒரு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி, பிலெ எல்லாமே ராஜா மரமா என்ன, கிணத்தோரம் நின்னதும், துறவி மடத்துப் பக்கம் நின்னதும் இருக்கேன்னு. இருக்கு. அயர்லாந்துல டோனிகால் மாவட்டத்துல மோவில்னு ஊர், பேரோட அர்த்தமே பிலெ நின்ன சமவெளி. கார்லோ மாவட்டத்துல ராத்விலினு ஒரு ஊர், பிலெ நின்ன கோட்டை. இதுல எந்த ராஜா பட்டம் கட்டிக்கிட்டான்னு யாரும் தேட வேண்டாம். ஆனா ‘கடி’ங்கறதுக்கு காவல்னு அர்த்தம், வெட்டக்கூடாதுன்னு ஊர் காத்து நின்ன மரம் எதுவா இருந்தாலும் அந்தச் சொல்லுக்குள்ள அடங்கும். அரசோட மரம்னு குறிப்பா சொல்ல வேண்டிய இடத்துல ‘பட்டமேற்புக் கடிமரம்’னு நீட்டிக்கலாம்.

அடுத்து நெமெட்டன். இதுக்கு ‘கோயில்காடு’ன்னு முன்மொழிஞ்சிருக்கீங்க, ‘காப்புக்காடு’ன்னும் ஒருத்தர் எழுதியிருந்தார். காப்புக்காடு வேண்டவே வேண்டாம், அது வனத்துறை போர்டுல இருக்குற சொல், அதைப் படிச்சா ரேஞ்சர் ஆபீஸ்தான் கண்ணு முன்னாடி வரும். கோயில்காட்டுல எனக்கு என்ன தயக்கம்னா, நெமெட்டன் வழிபாட்டுக்கு மட்டும் இருந்த இடம் இல்ல. இன்னிக்கு துருக்கியில இருக்குற காலேஷியாவுல குடியேறுன கெல்டியர்களுக்கு ட்ரூநெமெட்டன்னு ஒரு இடம் இருந்திருக்கு, அங்க 300 பேர் கொண்ட சபை கூடி கொலை வழக்கை விசாரிச்சதுன்னு பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கார். பழைய ஐரிஷ்ல இதே வேர்லேர்ந்து வந்த ‘நெமெத்’துங்கற சொல் சட்டநூல்கள்ல சிறப்புரிமை உள்ள ஆட்களைக் குறிக்குது, அரசன், கவிஞன், குருமார் இப்படி. ஆக இதோட மையத்துல இருக்கறது ‘ஒதுக்கி வச்சது, கைவைக்கக்கூடாதது’ங்கற எண்ணம். கோயில் பின்னாடிதான் வருது.

நான் சொல்றது கடிகா. புறநானூறு 239ல வர்ற சொல்தான், அங்க காவலுள்ள பூஞ்சோலைங்கற பொருள்ல வருது. சாமி வாசனை இல்லையேன்னு யோசிப்பீங்க, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, சபைக்கும் பொருந்தும் பூசைக்கும் பொருந்தும். கி.பி. 60 வாக்குல ரோமப் படை மோனாத் தீவுக்குள்ள, அதாவது இன்னிக்கு ஆங்கிள்சி, புகுந்து ட்ரூயிடுகளோட தோப்புகளை வெட்டுனதா ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதறார் இல்லையா, அந்த வரியத் தமிழ்ல எழுதறப்போ ‘மோனாவின் கடிகாக்களை வெட்டினர்’னு போட்டுப் பாருங்க, பக்கத்துலயே கடிமரமும் இருந்தா ரெண்டும் ஒரே குடும்பத்துச் சொல்லா நிக்கும். இன்னிக்கு இருக்குற ட்ரூயிட் அமைப்புகள்ல உள்ளூர்க் கிளைக்கும் ‘தோப்பு’ன்னுதான் பேர், அதுக்கு மட்டும் சாதாரணமா தோப்புன்னே விட்டுடலாம், ரெண்டும் குழம்பாது.

இப்ப எழுத்து. ஓகம்ங்கறது பழைய ஐரிஷ்காரங்க கல்லுல கோடு கோடா கீறுன எழுத்து, அதுக்கு ‘மரவெழுத்து’ன்னு போடறதை நான் எதிர்க்கறேன். அடிப்படை எழுத்து 20, அஞ்சு அஞ்சா நாலு குழு. கல்வெட்டுகள்ல பெரும்பாலும் ‘இன்னாரோட மகன் இன்னார்’னு ஆள் பேர்தான் இருக்கு, மந்திரம் இல்ல. இடைக்காலத்துல ஐரிஷ் அறிஞர்கள் எல்லா எழுத்துக்கும் மரப்பேர் ஏத்திச் சொன்னாங்க, அது உண்மை, எழுத்தையே ‘மரம்’னுதான் கூப்பிட்டாங்க. ஆனா பேரைப் பிரிச்சுப் பாத்தா பெய்த் பிர்ச் மரம், தைர் ஓக், கொல் ஹேசல், இதெல்லாம் சரி, மத்ததுல முயின்னா கழுத்து, கோர்ட்னா வயல், ஊவத்னா பயம். முயின்ங்கறதுக்கு அப்புறமா திராட்சைக்கொடின்னு அர்த்தம் ஏத்திட்டாங்க, அயர்லாந்துக் காட்டுல திராட்சை தானா வளராது. எழுத்துக்கு வெறும் ‘ஓகம்’ போதும். குச்சியில கீறி பையில போட்டு எடுத்து பலன் சொல்ற இன்னிக்குப் பழக்கத்துக்கு ‘ஓகக்குறி’ன்னு சொல்லலாம், குறிக்கு அடையாளம்னும் பொருள் இருக்கு, குறி பாக்குறதுன்னும் இருக்கு, ரெண்டுமே அங்க நடக்குது.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டியது மாதக் கணக்கு பத்தி. ‘கெல்டிய மர நாட்காட்டி’ன்னு யாரும் தயவுசெஞ்சு எழுதாதீங்க. 28 நாள் வீதம் 13 மாசம், மிச்சம் ஒரு நாள், டிசம்பர் 24ல பிர்ச்சோட தொடக்கம், இந்த அமைப்பை ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948ல வந்த தன்னோட நூல்லதான் கட்டுனார், 1685ல ஐரிஷ் வரலாற்றாசிரியர் ஓ’ஃப்ளாஹர்ட்டி அச்சுல கொடுத்த எழுத்து வரிசையை எடுத்து மாசமா மாத்திக்கிட்டார். கெல்டியர்களோட நிஜமான நாட்காட்டி ஒண்ணு பிரான்ஸ்ல கொலிஞில 1897ல வெண்கலத் தகடுகளா கிடைச்சுது, சூரியனையும் சந்திரனையும் சேர்த்துக் கணக்குப் பண்றது, அதுல மர மாசம் கிடையாது. இதைச் சொல்றதால இன்னிக்கு அந்த மாசத்தை வச்சு பூசை பண்றவங்களைக் குறைவா நினைக்கறேன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். கவிஞர் ஒருத்தர் கட்டுன ஒழுங்கை பல நாட்டு மக்கள் மனசார ஏத்துக்கிட்டு, அந்தந்த மாசத்துல அந்த மரத்தடியில போய் நிக்கறாங்க, அது அவங்களோட உண்மையான மரபு. ‘கிரேவ்ஸ் மரநாள்காட்டி’ன்னு பேரோட எழுதுனா பிறந்த வருஷமும் தெரியும், மரியாதையும் குறையாது.

பாக்கி ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்துல மன்லாக்கி ஊத்துப் பக்கம், கார்ன்வால்ல மாட்ரன் ஊத்துப் பக்கம் மரத்துல துணி கட்டுறாங்களே, அதுக்கு ‘நேர்த்திமரம்’னு வந்த யோசனை எனக்கு ஒட்டல. நேர்த்தின்னா வேண்டிக்கிட்டு அப்புறம் செலுத்தறது. அங்க ஊத்துத் தண்ணியில துணிய நனைச்சு கட்டுறாங்க, துணி மக்க மக்க நோயும் விலகும்னு நம்பிக்கை, அதனால அதை அவுக்கவும் கூடாது, நைலான் துணியக் கட்டுனா காரியமே கெடும். ‘கந்தல்மரம்’னு நேரா வச்சா என்ன? வேற சொல் இருந்தா சொல்லுங்க, இல்லன்னா இந்த அஞ்சையும் பட்டியல்ல ஏத்திடலாம்.