மறு: மருத்துவ நிலையங்களில் ‘வாஷ்’ – தமிழில் என்ன சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ நிலையங்கள் எப்படி இயங்கவேண்டும் என்ற பயிற்சிக் கையேட்டுக்காக ‘வாஷ்’ (WASH: water, sanitation, hygiene என்பதன் சுருக்கம்) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். யோசித்து எழுதிய எல்லாருக்கும் நன்றி. வந்த முன்மொழிவுகள் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு, என் பங்குக்கும் ஒன்றை வைக்கிறேன்.

> ‘வாஷ்’ என்றே எழுதிவிடலாம். களத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தொண்டு நிறுவனங்களிலும் திட்டக் கூட்டங்களிலும் அது புழங்குவது உண்மைதான். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், தூய்மைப் பணியாளர்கள். ‘வாஷ்’ என்றால் அவர்களுக்குக் கழுவுவதுதான் நினைவுக்கு வரும். 2020 முழுக்க எங்கு திரும்பினாலும் கைகழுவச் சொல்லிக் கேட்டோம். அந்தப் பழக்கத்தில், வாசலில் ஒரு சானிடைசர் பாட்டில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகிவிடும். என் கவலை முழுவதும் இதுதான்.

ஆங்கிலத்தில் அது நீர், கழிவகற்றல், தூய்மை மூன்றையும் சேர்த்துச் சுருக்கிய பெயர். மருத்துவ நிலையம் என்று வரும்போது அதன் வட்டம் இன்னும் பெரிது. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம் ஐந்து விஷயங்களை அளக்கிறது: தண்ணீர், கழிப்பறை, கைத்தூய்மை, மருத்துவக் கழிவு, வார்டுகளையும் தளவாடங்களையும் துடைத்துச் சுத்தம் செய்வது. கொரோனாவின் நடுவே, 2020 டிசம்பரில் வந்த அவர்களின் அறிக்கைப்படி உலகில் நான்கில் ஒரு மருத்துவ நிலையத்தில் அடிப்படை நீர் வசதி இல்லை. பத்தில் ஒன்றில் கழிப்பறை வசதியே இல்லை. மூன்றில் ஒன்று தன் கழிவைப் பாதுகாப்பாகப் பிரித்து வைப்பதில்லை. இந்த நிலைமை ‘கைகழுவு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடாது.

> ‘நீர், சுகாதாரம் மற்றும் துப்புரவு’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே. பழகிய சொற்கள்தானே?

பழகியவைதான். ஆனால் ‘சுகாதாரம்’ தமிழில் ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. உலக சுகாதார அமைப்பு என்கிறபோது அது உடல்நலம். நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் என்கிறபோது குப்பை, சாக்கடை. சுகாதாரமற்ற உணவு என்கிறபோது தூய்மை. இப்போது ‘ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீர், சுகாதாரம் மற்றும் துப்புரவு’ என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள். ஒரே வரியில் இரண்டு சுகாதாரம், இரண்டுக்கும் வேறு வேறு பொருள். பயிற்சி தருகிறவரே தடுமாறுவார். உடல்நலத்துக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

‘துப்புரவு’ நல்ல சொல். எனினும் தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. சாதியும் இழிவும் அந்தப் பெயர்மேல் எவ்வளவு ஏற்றப்பட்டிருந்தன என்பது நமக்குத் தெரியும். கையேட்டைக் கையில் வாங்கும் தூய்மைப் பணியாளருக்குப் பழைய பெயர் திரும்ப வந்ததுபோல் இருக்கவேண்டாம். இலங்கை நண்பர்கள் அங்கே இது சாதாரணச் சொல் என்று எழுதியிருந்தார்கள். அதை மறுக்கவில்லை, இரு நாட்டிலும் உறுத்தாத சொல் கிடைத்தால் அதுவே மேல்.

> ‘முத்தூய்மை’ எப்படி? நீர்த்தூய்மை, இடத்தூய்மை, உடல்தூய்மை. முக்கனி, முத்தமிழ் போல நாவில் நிற்கும்.

வந்தவற்றில் அழகான சொல் இதுதான். இரண்டு நாள் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மருத்துவ நிலையத்தில் தண்ணீர்ப் பிரச்சினை முதலில் தூய்மைப் பிரச்சினை இல்லை. தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதுதான். உலக சுகாதார அமைப்பின் 2008ஆம் ஆண்டு வரையறையைப் பாருங்கள். புறநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர். உள்நோயாளிக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர். ஒரு பிரசவத்துக்கு 100 லிட்டர். சார்ஸ் என்ற கடும் மூச்சுநோய் வந்தவரைத் தனிமைப்படுத்தி வைக்க நாளுக்கு 100 லிட்டர். எபோலா போன்ற குருதிப்போக்குக் காய்ச்சல் என்றால் 300 முதல் 400 லிட்டர். அதாவது கொள்ளைநோய் வந்தால் ஒரு படுக்கைக்கு வேண்டிய தண்ணீர் பல மடங்கு கூடுகிறது. காரணமும் எளிது: பாதுகாப்பு உடையைக் கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கை கழுவவேண்டும், துணி துவைக்கவேண்டும், வாந்தியும் பேதியும் பட்ட தரையைத் துடைக்கவேண்டும், குளோரின் கரைசல் கலக்கவேண்டும்.

2014–2016இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது 800க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றியது. 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வராத மருத்துவமனைகளில் அவர்கள் வேலை பார்த்ததும் அவற்றில் ஒன்று. கைக்கு 0.05 விழுக்காடு, தரைக்கு 0.5 விழுக்காடு குளோரின் என்று சுவரில் எழுதி ஒட்டலாம். கலக்கத் தண்ணீர் வேண்டுமே! ஆகவே ‘நீர்’ என்பது தூய்மையின் ஒரு வகையாக அடங்காமல் தனிச்சொல்லாக, முதலில் நிற்கவேண்டும்.

சரி, ‘வாஷ்’ சுருக்கத்தின் மூன்று உறுப்புகளில் நடுவில் இருப்பதற்கு (sanitation) வருவோம். அதைத்தான் பலரும் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மலம், சிறுநீர், கழிவுநீர் ஆகியவற்றை மனிதர்கள்மேல் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்ன சொல்? நமக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கிறது. சென்னையின் குடிநீர் வாரியத்துக்கு முழுப்பெயர் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். இலங்கையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. ‘வடிகாலமைப்பு’ குழாய்களோடு நின்றுவிடுகிறது. ‘அகற்று’ என்பதில் ஒரு வேலை நடப்பது தெரிகிறது. யாரோ அதைச் செய்கிறார்கள் என்பதும் தெரிகிறது. அதனால் ‘கழிவுநீரகற்று’ என்பதில் ‘நீர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, பொதுவாகக் ‘கழிவகற்றல்’ என்று வைப்போம். கழிப்பறை, மலக்குழித் தொட்டி, உறிஞ்சுகுழி, சாக்கடை எல்லாம் இதற்குள் வரும்.

பெருந்தொற்றில் இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்டிருந்தார்கள். 2003இல் ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் நடந்ததை நினைவூட்டுகிறேன். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர் சார்ஸ் தொற்றோடும் வயிற்றுப்போக்கோடும் அங்கே வந்து தங்கினார். குளியலறைத் தரையின் வடிகால் துளைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும். அதுதான் கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கும். பல வீடுகளில் தரையைத் துடைப்பார்களே தவிர தண்ணீர் ஊற்றிக் கழுவமாட்டார்கள் என்பதால் அது வறண்டுபோயிருந்தது. குளியலறையின் காற்றுப்போக்கி விசிறி ஓடும்போது மலக்குழாயின் நுண்திவலைகளை உள்ளே இழுத்தது. 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, 42 பேர் மரணம். அந்த நிகழ்வை ஆராய்ந்தவர்கள் வந்து சேர்ந்த முடிவு இது. (அந்தத் தேங்கு நீருக்கு இலங்கையில் ‘நீரடைப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது, நீரடைப்பு மலசலகூடம் என்று அரசுப் படிவங்களிலேயே வரும். அதையே எடுத்துக்கொள்ளலாம்.) கிருமிநாசினி பாட்டில் எத்தனை வைத்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. ஒரு குவளைத் தண்ணீர் தடுத்திருக்கும்.

மூன்றாவது உறுப்புக்கு ‘தூய்மை’. கையோடு சேர்ந்தால் கைத்தூய்மை, வார்டோடு சேர்ந்தால் இடத்தூய்மை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் ‘மாதவிடாய்த் தூய்மை’ என்று எழுதியிருந்தார். நம் ஊரில் மாதவிடாயின் அருகில் தூய்மை என்ற சொல்லை வைத்தால் எதிர்ப்பக்கத்தில் ‘தீட்டு’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அடிப்படைக் கழிப்பறை என்று சொல்ல, பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை, அதனுள் மூடியுள்ள கூடை, தண்ணீர், சோப்பு இருக்கவேண்டும். கேட்பது வசதி. ‘மாதவிடாய்க் கால வசதி’ என்றே எழுதுவோம்.

ஆக என் முன்மொழிவு: நீர்–கழிவகற்றல்–தூய்மை. அட்டவணையிலும் படிவத்திலும் நீ.க.தூ. என்று சுருக்கலாம். நீளமாக இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கட்டும். ‘நீர்–கழிவு–தூய்மை’ என்று இன்னும் குறுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கழிவு என்று தனியாக நின்றால் இலங்கையில் விலைக்கழிவும் (தள்ளுபடி) நினைவுக்கு வரும். மருத்துவமனையிலோ ஊசி, பஞ்சு, கையுறைக் குப்பையோடு கலந்துவிடும். அந்தக் குப்பைக்கு ‘மருத்துவக் கழிவு’ என்ற சொல் தனியாகவே இருக்கிறது, மஞ்சள் பை, சிவப்புப் பை என்று அதற்கான விதிகளும் தனி.

இனி இதோடு ஒட்டி வரும் இரண்டு சொற்கள்.

முதலாவது, மூலத்தில் ‘மேம்பட்ட நீராதாரம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டு வருவது. இதைப் படிக்கிறவர் யாரோ செலவு செய்து பழைய கிணற்றைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் சொல்ல வருவது, வெளியிலிருந்து அசுத்தம் கலக்காதபடி அமைந்த ஆதாரம் என்பது: குழாய்நீர், ஆழ்துளைக் கிணறு, சுவரெழுப்பி மூடிய கிணறு, மழைநீர்த் தொட்டி. ‘காப்புள்ள நீராதாரம்’ என்றால் விளக்கம் தேவைப்படாது. அது நிலைய வளாகத்துக்குள்ளேயே இருந்து தண்ணீரும் வந்தால் ‘அடிப்படைச் சேவை’. வளாகத்துக்கு வெளியே, ஆனால் 500 மீட்டருக்குள் இருந்தால் ‘குறைச்சேவை’. அதுவும் இல்லையென்றால் ‘சேவையின்மை’.

இரண்டாவது கொஞ்சம் கடினம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற, ஊசி போடுகிற, பிரசவம் பார்க்கிற இடம் ஒவ்வொன்றிலும் கைத்தூய்மை வசதி இருக்கவேண்டும் என்பது விதி. வராந்தாக் கோடியில் ஒரு குழாய் இருந்தால் போதாது. 2022இல் வந்த அறிக்கைப்படி இந்த இடங்களிலும் கழிப்பறையிலும் சேர்த்து வசதி இருந்தது உலகில் ஏறத்தாழ பாதி நிலையங்களில்தான். அந்த இடத்துக்கு ‘படுக்கையருகு’ என்று ஒருவர் தந்திருந்தார். தடுப்பூசி மேசையில் படுக்கை இல்லையே. ‘சிகிச்சையிடம்’ என்றால் பிரசவம் நோயல்ல, தடுப்பூசியும் சிகிச்சையல்ல. நான் ‘கவனிப்பிடம்’ என்று யோசிக்கிறேன். ஆஸ்பத்திரியில் நல்லா கவனிச்சாங்க என்றுதானே சொல்கிறோம். கவனிப்பு என்பதற்குப் பேச்சில் கையூட்டு என்ற பொருளும் இருப்பது தெரியும். கூட்டுச்சொல்லாக வரும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் குழுவில் இருக்கிறீர்கள்; உங்கள் தீர்ப்பு எதுவோ அதை ஏற்கிறேன்.

அப்புறம், குழாய் இல்லாத நிலையங்களுக்காக, மூடியும் திருகுக்குழாயும் பொருத்திய வாளியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. கானாவில் அதை உருவாக்கிய வெரோனிகா பெக்கோயே என்ற உயிரியலாளரின் பெயரால் அங்கே வெரோனிகா வாளி என்பார்கள். கொரோனாவின்போது பல நாடுகளுக்கும் போனது. தலைப்பில் ‘குழாய் வாளி’ என்று எளிமையாக வைத்து, அவர் பெயரை உள்ளே ஒரு வரியில் சொல்லிவிடலாமா?

கவனிப்பிடம், குழாய் வாளி இரண்டுக்கும் இந்த வாரத்துக்குள் பதில் தாருங்கள். மற்றவற்றுக்கு எதிர்ப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். குளோரின் கரைசல் கலக்கும் அளவுகள் பற்றிய பகுதிக்கான சொற்பட்டியலைத் தனி இழையாக அனுப்புகிறேன்.

அன்புடன்