7 வயதுப் பையனுக்கு அரசு மையத்தில் நடத்தைப் பயிற்சி: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

விழுப்புரம் பக்கம் இருக்கிறோம். அக்கா மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்கார மாட்டான், பக்கத்துப் பையன் ரப்பரைத் தொட்டால்கூடக் கையைக் கடித்துவிடுகிறான், ஆனால் கணக்கு நன்றாக வரும், அழகாக வரைவான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கலாம், நடத்தைப் பயிற்சி கொடுங்கள் என்றார் டாக்டர். தனியாரில் கேட்கிற பணம் அக்காவுக்குக் கட்டுப்படியாகாது.

ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு (வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் அரசு மையம்) அனுப்புவார்கள், அங்கே இலவசம் என்பது வரை தெரியும். அங்கே பிள்ளையைக் கூட்டிப்போனவர்கள் இருக்கிறீர்களா? குழு வரும்வரை காத்திருக்கணுமா, நேராகப் போனாலே பார்ப்பார்களா? பயிற்சி தொடர்ந்து கிடைக்கிறதா?

அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. பெயர் இல்லை. அப்படியென்றால் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் என்ன சலுகை கேட்கலாம்?

அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, சரி, ஆனால் பையனை நேரில் உட்காரவைத்துப் பழக்க ஆள் வேண்டும். நாலு அடி போடுங்கள் என்ற யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம், அவன் வேண்டுமென்று செய்வதில்லை. எந்தக் கிழமை போனால் உளவியல் நிபுணரைப் பார்க்கலாம் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.